கேளாத தோடி

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-ம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ந் தேதி காலமானார். இதை எழுதுகிறவன் பிறந்தது அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின்னர். ஆகையால் அவருடைய நாகஸ்வரத்தை நேரில் கேட்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை என்பதற்காக நான் யார் மீதும் குறை சொல்வதற்கில்லை. காலத்தின் மேல் வழக்குத் தொடுக்க எந்தக் கோர்ட்டும் கிடையாது. ஆயினும் வருத்தம் என்பது நியாயம் பார்த்து வருகிற வஸ்து அல்ல. அறுபது வருஷங்களாக எனக்கு இந்த வருத்தம் இருந்து வருகிறது. வயது ஏற ஏற அது குறைவதாகவும் காணோம்.

நாதஸ்வரமா, நாகஸ்வரமா என்று பண்டிதர்கள் வெகு காலமாக வழக்காடி வருகிறார்கள். அவர்கள் வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். எங்கள் ஊரில் அது நாயனம், ஊதுகிறவர் நாயனக்காரர்.

எங்கள் வீட்டில் சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோன் பெட்டி ஒன்று இருந்தது. அதனுடன் இருந்த தட்டுகளில் ஒன்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் ஓடும். பிறகு ஊசி கரகரவென்று தேய்க்க ஆரம்பித்துவிடும். எழுந்து போய்த் தட்டைப் புரட்டி, ஊசியை மாற்றி, மறுபடியும் சாவி கொடுத்து வைத்தால் இன்னொரு மூன்று நிமிஷம். இரண்டு பக்கமும் சேர்ந்து ஏழு நிமிஷம் தேறாது. அந்த ஏழு நிமிஷத்தைச் சிறு வயதில் நான் எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே காந்தாரத்தை அசைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ராஜரத்தினம் பிள்ளையை அறிந்தவன் என்ற கர்வமும் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

அந்தக் கர்வத்தை என் தகப்பனார் ஒரு நாள் போக்கினார். "நீ கேட்கிறது அவருடைய போட்டோ. போட்டோவைப் பார்த்துவிட்டு ஆளைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரியாதே" என்றார். சொல்லிவிட்டு, அவர் வெகு நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தையும் சொன்னார்.

1946-ம் வருஷம் மாசி மாதம். சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தல் நெருங்கிவிட்டது. என் தகப்பனார் அப்போது இருபத்தெட்டு வயதுக் காங்கிரஸ் தொண்டர். இரவு பகல் என்று பாராமல் கிராமம் கிராமமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றில் ஓர் இரவு, மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையிலுள்ள ஓர் ஊரில் தங்க நேர்ந்தது. அங்கே உற்சவம். நாயனம் ராஜரத்தினம் பிள்ளை. செய்தி சுற்று வட்டாரமெல்லாம் பரவி, கட்டை வண்டிகள் ஊருக்கு வெளியே அரை மைல் தூரத்துக்கு அவிழ்த்து விடப்பட்டிருந்தன.

கோயில் வாசலில் மல்லாரி முழங்கிற்று. சுவாமி புறப்பட்டு, கீழ வீதியில் இறங்கித் தெற்கு வீதி திரும்பியது. காஸ் விளக்குகளைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் இரு பக்கமும் நடந்தார்கள். பத்து அடிக்கு ஒரு நிறுத்தம். திண்ணைகளில் கிழவர்கள், கூரைகளில் பையன்கள், வீதியில் நின்றபடியே தூங்கி வழியும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்ட பெண்பிள்ளைகள். மேல வீதி வருவதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. அதுவரையில் என்னென்ன ராகங்கள் வந்தன என்பதை என் தகப்பனாரால் சொல்ல முடியவில்லை. ஆனால் வடமேற்கு மூலையில் சுவாமி நின்றபோது பக்கத்திலிருந்த ஒருவர், "வடக்கு வீதி முழுக்கத் தோடிதான். இனிமேல்தான் இருக்கிறது" என்று சொன்னது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

விடியற்காலை வண்டியைப் பிடித்தால்தான் மறுநாள் காலைக் கூட்டத்துக்குப் போய்ச் சேரலாம். ஸ்டேஷன் இரண்டு மைல். என் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வயல் வரப்பில் நடந்துகொண்டிருக்கும்போது பின்னால் தோடி ஆரம்பமாயிற்று. கொஞ்ச தூரம் கேட்டது. காற்று மாறியதும் நின்றுபோயிற்று.

"நம் ஜில்லாக்காரர்தானே, அடுத்த மாதம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்" என்றார் தகப்பனார்.

அதன் பிறகு இரண்டொரு கல்யாணங்களில் அவர் ராஜரத்தினம் பிள்ளையைக் கேட்டதுண்டு. ஆனால் வீதியில், இரவில், சுவாமிக்கு முன்னால் நடந்துகொண்டே ஊதிய அந்தத் தோடியை மறுபடி கேட்கும் சந்தர்ப்பம் பத்து வருஷத்தில் ஒரு முறைகூட அமையவில்லை. மறுநாள் அவர் போய்ச் சேர்ந்த கூட்டத்தில் யார் யார் பேசினார்கள் என்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. இதை அவர் சொன்னபோது குரலில் கசப்பு இல்லை. தேர்தல் வேலையைக் குறைவாக அவர் ஒரு நாளும் பேசியவரல்லர். இருந்தாலும் அந்தக் கிராமபோன் தட்டை அவர் ஏன் வாங்கினார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று.

வாசகர் கேட்கலாம்: தட்டில் இருப்பதும் அதே ராகம், அதே மனிதர், வீதியில் அப்படி என்ன அதிகம்? கேட்க வேண்டிய கேள்விதான்.

நாயனம் அறைக்குள் வைத்து வாசிப்பதற்காகச் செய்யப்பட்ட வாத்தியமல்ல. ஆச்சா மரத்தைக் கடைந்து, ஏழு விரல் துளைகளும் அடியில் ஐந்து துளைகளும் இட்டு, கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளியைப் பொருத்தி, மனிதனுடைய மூச்சின் முழுப் பலத்தையும் கேட்கும் கருவி அது. கோபுரத்துக்கும் நான்கு வீதிக்கும் அளவாக அதன் நாதம் அமைந்திருக்கிறது. அதை ஒரு சிறு அறைக்குள் கொண்டுபோய், ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வைத்து, "மூன்று நிமிஷத்தில் முடியுங்கள்" என்று சொன்னால் யானையைத் தொட்டியில் குளிப்பாட்டுவது போலத்தான். வித்வானுடைய கற்பனை அங்கேயும் தெரியும்; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தி, அது வீதியின் கடைசி வீட்டுச் சுவரில் மோதித் திரும்பும் வரை காத்திருந்து அடுத்த பிடியைப் பிடிக்கிற சாவகாசம் அங்கே ஏது? மூன்று நிமிஷத் தட்டில் மௌனத்துக்கு இடமில்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய காலத்தில் வழங்கியது திமிரி நாயனம். அளவில் சிறியது, சுருதி உச்சமானது. அதில் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசாது. மூச்சை அடக்கியும் துளையை அரைகுறையாக மூடியும் அந்த ஸ்வரத்தை ஒருவாறு வரவழைக்க வேண்டும். தோடியோ சுத்த மத்தியமத்தை உயிராகக் கொண்ட ராகம். ராஜரத்தினம் பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் பட்டறையில் நீளமான புது நாயனம் பிறந்தது. அதுதான் பாரி நாயனம். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது, மத்தியமம் நேராகப் பேசிற்று, நாதம் கனத்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எங்கே நாயனம் ஊதினாலும் பெரும்பாலும் அந்தப் பாரிதான். ஒரு வித்வானும் ஓர் ஆசாரியும் சேர்ந்து ஒரு ஜாதி வாத்தியத்தின் தொண்டையையே மாற்றினார்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷந்தான். நமது வழக்கப்படி எல்லாம் முடிந்த பிறகு வந்த சந்தோஷம்.

சிறு வயதில் ராஜரத்தினம் பிள்ளை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுப் பயின்றவர். நாயனத்துக்கு வந்த பிறகும் அவர் பாட்டை விடவில்லை. பாட்டை நாயனத்துக்குள் கொண்டுபோனார். பிற்பாடு விஷயம் தலைகீழாயிற்று. வாய்ப்பாட்டுக்காரர்கள் அவருடைய நாயனத்தைக் கேட்டுத் தங்கள் பாட்டைத் திருத்திக்கொண்டார்கள். ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் ராக ஆலாபனையில் நாகஸ்வரத்தின் சாயல் உண்டென்பது ரசிகர்கள் வெகு நாளாக ஒப்புக்கொண்ட சங்கதி.

வீதி நாயனத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. சபாக் கச்சேரிக்குச் சீட்டு வேண்டும். பக்கத்தில் உட்காருகிறவரின் அந்தஸ்துக்கு ஏற்ப நாமும் உடுத்திக்கொண்டு போக வேண்டும். வீதியில் ஊதும் நாயனத்துக்கு வாசல் கிடையாது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட சகோதரர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி. அதற்கு முன்னர் கோயிலுக்குள்ளும், பல ஊர்களில் தேர் வீதியிலுங்கூட, அனுமதியில்லாமல் நிறுத்தப்பட்ட ஜனங்கள் எத்தனை லட்சம்! அவர்களைத் தடுக்க முடிந்தது. நாயனத்தைத் தடுக்க முடியவில்லை. அது வீதியைத் தாண்டி, வயலைத் தாண்டி, சேரிக் குடிசை வரையில் போயிற்று. வரப்பில் நின்று கேட்ட அந்த ரசிகர்களின் அபிப்பிராயத்தை எந்தப் பத்திரிகையும் விசாரித்து எழுதவில்லை.

ஆனால் அந்த நாதத்தை எழுப்பிய மனிதர்களையே நாம் எப்படி நடத்தினோம்? இதைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை வெறும் புலம்பலாகப் போய்விடும். நாயனக்காரர் மேல்துண்டைத் தோளில் போடக்கூடாது. இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டை கூடாது. பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் வாசிக்க வேண்டும்; பாட்டுக் கச்சேரி செய்கிறவருக்கு மட்டும் மேடையும் ஜமக்காளமும். இத்தனைக்கும் கல்யாணத்தில் தாலி ஏறுவது இவர் ஊதும் கெட்டிமேளத்தில்தான். மங்கள வாத்தியம் என்று பெயர் வைத்து, வாசிப்பவரை வாசலில் நிறுத்துகிற சாமர்த்தியம் நமக்கே உரியது.

ராஜரத்தினம் பிள்ளை இதற்கு வணங்கவில்லை. கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டை போட்டுக்கொண்டார். காதில் கடுக்கன் மின்ன, விரலில் மோதிரம் மின்ன, மேடை போடச் சொல்லி அதில் உட்கார்ந்து வாசித்தார். பக்கத்தில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில். கர்வி என்று பெயர் வாங்கினார்; முன்கோபக்காரர், பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறவர் என்றெல்லாம் பேசினார்கள். இருக்கலாம். அவர் குணத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் தோளில் துண்டு போட்டுக்கொண்ட ஒவ்வொரு நாயனக்காரருக்கும் அந்தக் கர்வத்தில் பங்கு உண்டென்பதை மறுக்க முடியாது. உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த அதே தஞ்சை மண்ணில், அதே காலத்தில் நடந்த இன்னொரு சத்தியாக்கிரகம் அது. அதற்கு ஜெயிலில்லை, ஆதலால் தியாகிப் பட்டியலிலும் இடமில்லை.

தேசத் தொண்டர்களான நம்மவர் இவ்விஷயத்தில் மார்தட்டிக்கொள்வதற்கில்லை. தலைவர்கள் வந்தால் ஸ்டேஷனிலிருந்து கூட்ட மைதானம் வரையில் நாயனம் வைத்துத்தான் ஊர்வலம் நடத்தினோம். கூட்டம் தொடங்கியதும் நாயனக்காரருக்கு நாற்காலி போட்டோமா? வந்தேமாதரம் முழங்கிய வாயால், "நாயனத்தை நிறுத்தச் சொல்லு, தலைவர் பேசப் போகிறார்" என்று சொன்னவர்கள்தானே நாம்! என் தகப்பனாரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். நாற்காலி போட்ட ஞாபகம் தமக்கில்லை என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

1947-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 14-ந் தேதிக்கு வருவோம். அன்று மாலை டில்லியில், திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து சென்ற தம்பிரான்கள் பண்டித நேருவின் இல்லத்துக்குப் போய்ப் பொற்செங்கோலை அளித்தார்கள். அவர்களுடன் சென்ற நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை. அந்த ஊர்வலத்தை ஓர் அமெரிக்க வாரப் பத்திரிகை வர்ணித்திருக்கிறது. பழைய மோட்டார் ஒன்று மெல்ல மெல்ல ஊர்ந்ததாம்; நூறு கஜத்துக்கு ஒரு முறை நின்றதாம்; நாயனக்காரர் ரஸ்தாவிலேயே உட்கார்ந்து கால் மணி நேரம் வாசிப்பாராம்; பிறகு வண்டி கிளம்புமாம். வாத்தியத்தை மூங்கில் குழலில் ஒரு தினுசு என்று அப்பத்திரிகை எழுதிற்று. வாசித்தவருடைய பெயர் அதில் இல்லை.

வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. நமக்கு என்ன தெரிந்திருந்தது? அன்று நள்ளிரவில் பண்டித நேரு நிகழ்த்திய பிரசங்கம் ஒலிப்பதிவாக இருக்கிறது. இப்போதும் வருஷந்தோறும் கேட்கிறோம். செங்கோல் அலகாபாத் பொருட்காட்சிசாலையில் இருந்து, 2023-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி புதிய பார்லிமெண்டுக் கட்டிடத்துக்கு வந்து சேர்ந்தது. அது அதிகார மாற்றத்தின் அடையாளமா, அன்பளிப்பா என்று நாடு முழுவதும் ஒரே வாதம். பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. தொலைக்காட்சியில் கட்சிக்காரர்கள் தொண்டை வறளக் கத்தினார்கள். அந்த வாதத்தில் எந்தப் பக்கம் சேருவது என்பதை வாசகர்கள் தங்கள் தங்கள் மனச்சாட்சிப்படி தீர்மானித்துக்கொள்ளட்டும். நான் காத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விக்கு: அந்த வீதியில் அன்று வாசித்த நாயனம் எங்கே? எந்தக் கட்சிக்காரரும் அதைக் கேட்கவில்லை. பொன் கிடைத்துவிட்டது, மூச்சு கிடைக்கவில்லை. டில்லி ரஸ்தாவில், சுதந்திரத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன்னால், நூறு கஜத்துக்கு ஒரு முறை நின்று ஒரு தஞ்சாவூர்க்காரர் என்ன ராகம் வாசித்தார்? தோடியாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது என்னுடைய ஆசை, அவ்வளவே.

சுதந்திர தினத்தன்று பிஸ்மில்லா கானின் ஷெனாயைத் தேசம் நினைத்துக்கொள்கிறது. நன்றாக நினைக்கட்டும்; காசியின் கங்கைக் கரையில் கோயில் வாசலில் வாசித்து வளர்ந்த அந்த மகானுக்கு 2001-ம் வருஷத்தில் பாரத ரத்தினம் அளித்ததில் அளித்தவர்களுக்குத்தான் கௌரவம். அதே வாரத்தில் அதே நகரத்தில் நாயனமும் ஒலித்தது என்பதைத் தமிழர்களாவது நினைவில் வைத்திருக்கிறோமா என்பதுதான் என் சந்தேகம்.

சாதனங்கள் இல்லாமலா போயின? சென்னை ரேடியோ நிலையம் 1938-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஆரம்பமாயிற்று. திருச்சி நிலையம் 1939-ம் வருஷம் மே மாதத்தில். அவர் காலமாவதற்கு முன் பதினேழு, பதினெட்டு வருஷங்கள்! சினிமாக்காரர்கள்கூட அவரை விடவில்லை. எல்லிஸ் டங்கன் எடுத்த காளமேகம் படத்தில் 1940-ம் வருஷத்தில் அவர் கதாநாயகனாக நடித்தார். கிராமபோன் கம்பெனிகள் தட்டு விற்றுப் பணம் சேர்த்தன. எல்லோரும் அவரைத் தங்கள் தங்கள் அறைக்கு அழைத்தார்கள். ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு வடக்கு வீதிக்குப் போக எவருக்கும் தோன்றவில்லை. மூலையில் ஒருவர் நின்று ஒரே ஓர் இரவைப் பதிவு செய்திருந்தால்! அக்காலத்துக் கருவிகளின் பளுவும் செலவும் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் கருவி இலகுவான பிறகு மட்டும் நாம் என்ன செய்துவிட்டோம்? அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1964-ம் வருஷத்தில் நாற்பத்து மூன்று வயதுகூட ஆவதற்கு முன்னால் போனார். கொஞ்சும் சலங்கை படத்தில் அவர் வாசித்த ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஜனங்கள் இன்றைக்கும் அவரை நினைவு கூர்கிறார்கள். விடியவிடிய வாசித்த மனிதருக்குச் சில நிமிஷ ஞாபகம்.

இனி என்னுடைய குற்றத்தையும் சொல்ல வேண்டும். தகப்பனார் கதையைக் கேட்டு அவருக்காக வருத்தப்பட்டவன், அதே காரியத்தை நானே செய்தேன். உத்தியோகத்தின் பேரில் பதினொரு வருஷம் திருச்சியில் இருந்தேன். காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், ஷேக் சின்னமௌலானா சாகிப் இருந்தார். ஆந்திர தேசத்துக் கரவதியில் பிறந்து, ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்து, தஞ்சைப் பாணியைக் கற்பதற்கென்றே தமிழ்நாட்டுக்கு வந்த மகாவித்வான். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து அரங்கன் ஊரில் குடியிருந்து நாயனம் வாசித்தவர். என் வீட்டிலிருந்து பாலம் தாண்டினால் அரை மணி நேரம். அந்தப் பதினொரு வருஷத்தில் அவரை நான் கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் பாதிக் கச்சேரி. மறுநாள் ஆபீஸில் தணிக்கை. "பக்கத்தில்தானே இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன். 1999-ம் வருஷத்தில் அவர் காலமான செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, என் தகப்பனார் வரப்பில் நின்று திரும்பிப் பார்த்தது எனக்கு முதல் தடவையாகக் கண்ணில் தெரிந்தது. ராஜரத்தினம் பிள்ளையைக் கேளாதது விதி. சின்னமௌலானாவைக் கேளாததற்கு விதியின் மேல் பழி போட முடியுமா?

இன்றைக்குப் பல கோயில்களில் மின்சார மேளம் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் முரசும் மணியும் தாமாக அடித்துக்கொள்ளும் இயந்திரம். அதற்குச் சம்பளமில்லை, சாப்பாடில்லை, கோபமில்லை. மேடை கேட்காது, சட்டை போடாது. தர்மகர்த்தாக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பழனியில் தேவஸ்தானம் நடத்தும் நாதஸ்வர தவில் பள்ளியில் பிள்ளைகள் கற்கிறார்கள். சர்க்கார் இசைக் கல்லூரிகளிலும் கற்கிறார்கள். கற்று வெளியே வந்தவர் ஊதுவதற்கு வீதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கல்யாண வீட்டில் அவரிடம் சினிமாப் பாட்டுக் கேட்கிறார்கள். ராகம் எடுத்தால் சாப்பாட்டுப் பந்தி நடுவில் யாரோ ஒருவர் கையைக் காட்டி நிறுத்துகிறார்.

சர்க்காருக்கு ஒரு விண்ணப்பம். ஆகாசவாணி நிலையங்களில் பழைய வித்வான்களின் ஒலிநாடாக்கள் இருக்கின்றன. சிலவற்றை வெளியிட்டார்கள், போதாது. அந்த நாடாக்கள் பொதுஜனங்களின் வரிப் பணத்தில் பதிவானவை. மிச்சமிருக்கும் நாயன வாசிப்பு முழுவதையும், பூச்சி அரிப்பதற்கு முன்னால், எவரும் கேட்கும்படி திறந்து வைக்க வேண்டும். போட்டோதான் என்று என் தகப்பனார் சொல்லுவார். போட்டோவாவது நம்மிடம் இருக்கட்டும்.

எங்கள் ஊர்க் கோயிலிலும் அந்த இயந்திரம் வந்து ஆறு வருஷமாகிறது. சென்ற வருஷம் நாங்கள் சிலர் கூடிப் பேசி, வைகாசி உற்சவத்துக்கு மட்டுமாவது மேளம் வைப்பதென்று முடிவு செய்தோம். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு நாயனம், இரண்டு தவில். மூத்தவருக்கு அறுபத்து மூன்று வயது. இளையவர் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பையன், பகலில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். மேல வீதி வரும்போது கூட்டமெல்லாம் கலைந்து, பின்னால் நடந்தவர்கள் பதினான்கு பேர், எண்ணிப் பார்த்தேன். வடக்கு வீதியில் பையன் தோடியை எடுத்தான். நடுவில் சீவாளி பேசாமல் இரண்டு தடவை நிறுத்தினான். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தம்முடையதை எடுத்துக் கொடுத்தார். மணி இரண்டரை வரையில் வாசித்தான்.

இந்த வருஷம் உற்சவம் ஐந்து நாள். நான்கு நாளைக்குப் பணம் சேர்ந்திருக்கிறது.